கடைசி பெஞ்சுக்கும் ஒரு மன்றம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. இலக்கிய மன்றம், சூழல் மன்றம், சாரணர் படை, ஜூனியர் ரெட்கிராஸ், என்.சி.சி., மேல்நிலை வகுப்புகளில் என்.எஸ்.எஸ். என்று பட்டியல் நீளும். 2022 நவம்பரில் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்பதற்கான ஏற்பாடு அது. அதே கல்வியாண்டில் கலைத் திருவிழா வந்தது. 2024இல் மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரிக்கும் மகிழ் முற்றம் வந்தது. திட்டங்களில் குறை காண இடமில்லை. ஆனால் பல பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்கு அனுப்பப்படும் மாணவியே வினாடி வினாவுக்கும் போகிறாள், ஆண்டு விழாவில் நன்றியுரையும் அவளே சொல்கிறாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. கோப்பை வர வேண்டும் என்று பள்ளி நினைக்கிறது, அவளை அனுப்பினால் வரும். ஒரு மன்றம் நன்றாக நடக்கிறதா என்பதை அலமாரியில் இருக்கும் கோப்பைகளை வைத்து முடிவு செய்யும் வரை இது மாறாது. படிப்பில் பின்தங்கியவனுக்கும் வாய் திறக்கத் தயங்குபவளுக்கும் அங்கே என்ன வேலை கொடுக்கப்பட்டது என்பதே சரியான அளவுகோல்.

வகுப்பறையால் தர முடியாத ஒன்றை மன்றம் தருகிறது என்பதால்தான் இதை வலியுறுத்த வேண்டியிருக்கிறது. வகுப்பில் கேட்கப்படும் கேள்விக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. ஆசிரியருக்குத் தெரியும், புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் இருக்கும். ஒரு கையெழுத்துப் பத்திரிகைக்கு அப்படி விடை கிடையாது. யாரிடம் கட்டுரை கேட்பது, தராமல் இழுத்தடிப்பவனிடம் எப்படிப் பேசுவது, நண்பன் எழுதியது நன்றாக இல்லை என்றால் என்ன செய்வது, திங்கட்கிழமைக்குள் யார் படி எடுப்பது என்பதையெல்லாம் பிள்ளைகளே பேசி முடிவு செய்ய வேண்டும். தவறினால் பத்திரிகை தாமதமாகும், அவ்வளவுதான், மார்க் குறையாது. விளைவு சிறியது, பொறுப்பு உண்மையானது. பதினான்கு வயதில் இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் வேறு அதிகம் இல்லை. கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்டாத ஒருவன் இங்கே நாடகத்துக்கு மேடை அமைப்பவனாகவோ, நாற்றுகளுக்குப் பொறுப்பாளனாகவோ இருக்க முடியும். பள்ளி அவனை வேறு எதற்காகவும் தேடாதபோது, இதற்காகவாவது தேடும்.

இதற்குச் சான்றாகப் பெரிய மனிதர்களின் இளமைக் கதைகளைச் சொல்வது வழக்கம். திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோதே ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்து ஏட்டை நடத்திய மு. கருணாநிதி, பள்ளி இறுதித் தேர்வில் தேறவில்லை என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அசாதாரணமான ஒருவரை வைத்துப் பொது விதி செய்ய முடியாது. சாதாரணப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் வாதம் நிற்கும். அமெரிக்காவில் ஜோசப் மஹோனி, ராபர்ட் கெய்ர்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு மாணவர் கூட்டத்தைத் தொடர்ந்து கவனித்து, 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படிப்பிலும் நடத்தையிலும் சிக்கல் இருந்து, பள்ளியை விட்டு நின்றுவிடும் ஆபத்தில் இருந்த பிள்ளைகளில், மன்றம், விளையாட்டு போன்றவற்றில் சேர்ந்தவர்களிடையே இடைநிற்றல் வெகுவாகக் குறைந்திருந்தது. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களிடம் சேர்ந்தவர், சேராதவர் என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. மன்றம் அதிகம் உதவுவது நாம் வழக்கமாகத் தேர்ந்தெடுக்காத பிள்ளைக்குத்தான் என்பது இதன் பொருள்.

நல்ல பிள்ளைகள்தான் மன்றத்தில் சேர்கிறார்கள், அதனால்தான் மன்றம் நல்லது போலத் தெரிகிறது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான சந்தேகம், இத்தகைய ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆபத்தில் இருந்தவர்களிலும் ஓரளவு ஆர்வம் மிச்சமிருந்தவர்களே சேர்ந்திருக்கக்கூடும். ஆனால் ஆற்றலுள்ளவர்கள் சேர்வது மட்டுமே காரணமாக இருந்தால், பலன் பின்தங்கியவர்களிடம் போய்க் குவிந்திருக்காது. அதே நேரம், மன்றம் என்று பெயர் வைத்ததாலேயே எதுவும் நல்லதாகிவிடாது. ஜாக்குலின் எக்கில்ஸ், போனி பார்பர் ஆகியோர் மிச்சிகனில் செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டு அணிகளில் இருந்த மாணவர்களுக்குப் பள்ளி மீது பிடிப்பு கூடியிருந்தது. கூடவே மதுப்பழக்கமும் கூடியிருந்தது. யாருடன் சேர்கிறார்கள், அங்கே எது பெருமையாகக் கருதப்படுகிறது என்பதைப் பொறுத்துப் பலனும் மாறும். ஆகவே இவற்றைக் கவனிக்கும் பொறுப்பாசிரியர் இல்லாத மன்றம் போதாது.

பெற்றோரின் கேள்வி வேறு: பொதுத்தேர்வு இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது? அந்தப் பயத்தை அலட்சியப்படுத்த முடியாது. 2017-18 முதல் 10, 11, 12 என மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பொதுத்தேர்வு இருந்தது. 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கைதான் பதினோராம் வகுப்புத் தேர்வை நீக்கியது. பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சரே கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த மாநிலம் இது. ஆனால் ஒரு நாளைக்கு எட்டு பீரியட் என்றால் வாரத்துக்கு நாற்பது. மன்றத்துக்கு நாம் கேட்பது அதில் ஒன்று. முப்பத்தொன்பது பீரியடில் வராத தேர்ச்சி நாற்பதாவதில் வந்துவிடும் என்று நம்ப ஆதாரமில்லை. அதை மாலையில் வைத்துக்கொள்ளலாமே என்பதும் தீர்வல்ல. நாலரை மணி பஸ்ஸை விட்டால் ஊருக்குப் போக வழியில்லாத பிள்ளைகளும், வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண்பிள்ளைகளும் அப்போதே விலக்கப்பட்டுவிடுகிறார்கள். மன்றத்தால் அதிகம் பயன்பெறக்கூடியவர்களும் அவர்களே.

மூன்றாவது கேள்வி ஆசிரியர்களுடையது, மூன்றிலும் கனமானது. ஜப்பானைப் பார்த்தால் அதன் கனம் புரியும். அங்கே பள்ளிக் குழுக்கள் புகழ்பெற்றவை. பேஸ்பால் முதல் தேநீர்ச் சடங்கு வரை மாணவர்கள் ஆண்டு முழுவதும் பயிற்சி செய்வார்கள். அந்தச் சுமை ஆசிரியர் தலையில் விழுந்தது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 2018 ஆய்வில் ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 7.5 மணி நேரத்தை இதற்குச் செலவிட்டார்கள். மற்ற நாடுகளின் சராசரி 1.9 மணி நேரம். அதே ஆண்டு அந்நாட்டு விளையாட்டு முகமை, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு, வேலை நாளில் சுமார் இரண்டு மணி நேரப் பயிற்சி என்று வரம்பு கட்டியது. மன்றத்தை ஆசிரியரின் இலவச உழைப்பில் நடத்த முடியாது என்பதே இதில் நமக்கான பாடம். அந்த ஒரு பீரியட் ஆசிரியரின் பாடவேளைக் கணக்கில் சேர வேண்டும். போட்டோ எடுத்து, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றும் வேலையைக் குறைத்தால், பிள்ளைகளுடன் உட்கார நேரம் கிடைக்கும்.

எனவே புதிய மன்றங்களைவிட, இருக்கும் மன்றங்களின் நடைமுறை மாறுவதே அவசரம். பொறுப்புகள் பருவத்துக்கு ஒருமுறை கைமாற வேண்டும். போட்டிக்கு யாரை அனுப்பினாலும், பள்ளிக்குள் நடக்கும் இலக்கிய மன்றக் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லோருக்கும் முறை வர வேண்டும். மேடைக்கு வர விரும்பாதவருக்கு மேடைக்குப் பின்னால் சமமான மதிப்புள்ள வேலை வேண்டும். ஆய்வுக்கு வரும் கல்வி அலுவலர் எத்தனை பரிசு வாங்கினீர்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இந்த ஆண்டு எந்தப் பொறுப்பும் கிடைக்காத மாணவர்கள் யார் யார் என்று பெயர்ப் பட்டியல் கேட்கலாம். தலைமையாசிரியர் அந்தப் பட்டியலைத் தயாரிக்க உட்காரும் நாளிலேயே மன்றத்தின் போக்கு மாறத் தொடங்கிவிடும்.