கல்வராயன் மலையிலிருந்து ஜெர்மனிக்கு... முதல் மாதத்தைச் சமாளிப்பது எப்படி?

அட்மிஷன் வந்தாச்சு, விசாவும் கையில் இருக்கு. சென்னையில் வளர்ந்தவர் என்றால் ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கும் ஒரு சீனியரோ, சித்தப்பா பையனோ எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுவார். கள்ளக்குறிச்சியிலோ, சங்கராபுரத்திலோ, மலை மேலே வெள்ளிமலையிலோ இருந்து கிளம்புகிறவருக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. உங்கள் ஊரிலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வெளிநாடு போகும் முதல் ஆளே நீங்களாக இருக்கலாம். அப்போ யாரைக் கேட்பது?

நாட்டுக்கு நாடு விதிகள் மாறும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்பதால் நம்ம பசங்க அதிகம் யோசிக்கும் ஜெர்மனியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

பணம் இருக்கு... ஆனா கையில் இல்லை!

ஜெர்மனி மாணவர் விசாவுக்குப் பலரும் 'பிளாக்டு அக்கவுன்ட்' தொடங்குகிறார்கள். 2024 செப்டம்பர் முதல் அதில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். நம்ம கணக்கில் 11 லட்சம் ரூபாய்க்கும் மேல். இதை மொத்தமாக எடுக்க முடியாது. மாதம் 992 யூரோதான் வெளியே வரும்.

சிக்கல் என்னன்னா, போய் இறங்கிய அன்றைக்கே அதுவும் வராது. அந்தப் பணம் வந்து சேர உங்கள் பெயரில் சாதாரண வங்கிக் கணக்கு வேண்டும். அதற்குப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் செய்ய வேண்டிய இந்தப் பதிவுக்குப் பெயர் 'அன்மெல்டுங்'. அதைச் செய்ய, 'இவர் இங்கேதான் குடியிருக்கிறார்' என்று வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். ஆக வீடு, பதிவு, வங்கி, அப்புறம்தான் பணம். ஒன்று தள்ளிப்போனால் அடுத்ததும் தள்ளிப்போகும்.

அதனால் மூன்று விஷயங்களை ஊரிலிருக்கும்போதே முடிச்சிடுங்க:

* அட்மிஷன் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். பெரிய நகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம்.
* தற்காலிகமாகத் தங்கும் இடம் என்றால், 'பதிவுக்கான கடிதம் தருவீர்களா?' என்று முன்பே கேளுங்கள். சில இடங்களில் தர மாட்டார்கள்.
* முதல் மாதச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். வாடகை முன்பணமும் உண்டு. சட்டப்படி அது மூன்று மாத அடிப்படை வாடகை வரை போகலாம்.

வீட்டைக் காட்டாமலே 'முதலில் பணம் அனுப்புங்க' என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால், அங்கேயே நிறுத்திக்கோங்க.

இனிஷியலைக் கவனிங்க

நமக்கு இனிஷியல்தான் பழக்கம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது! எந்த நாட்டுக்குப் போனாலும் பாஸ்போர்ட், மதிப்பெண் சான்றிதழ், வங்கி என எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அமைதியா இருந்தா ஆபத்து

நம்ம கல்லூரிகளில் அமைதியாக இருப்பவர் நல்ல பிள்ளை. அங்கே அமைதியாக இருந்தால், 'இவருக்கு எந்தப் பிரச்னையும் இல்லை' என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். ஒரு சாம்பிள்: பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் தேர்வுக்கு நீங்களே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கடைசித் தேதியை விட்டால் அந்த முறை தேர்வு எழுத முடியாது. வகுப்பு நோட்டீஸ் போர்டில் ஹால் டிக்கெட் பற்றி எழுதிப்போடும் கதையெல்லாம் இல்லை.

பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க நேரம் ஒதுக்கியிருப்பார்கள். மெயில் போட்டுவிட்டுப் போகலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே இன்டர்நேஷனல் ஆபீஸ் இருக்கிறது. இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி வந்தாலும் பரவாயில்லை. கேட்பது அங்கே மரியாதைக்குறைவு அல்ல.

நவம்பர் மாசம் கொஞ்சம் கஷ்டம்தான்

அக்டோபரில் வகுப்பு தொடங்கும். நவம்பர் கடைசியில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வீட்டு நினைப்பு அதிகம் வாட்டுவது அப்போதுதான். ஞாயிறு சமையலுக்குச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். நம்ம மரவள்ளிக்கிழங்குகூட அங்குள்ள ஆப்பிரிக்கக் கடைகளில் 'மனியோக்' என்ற பெயரில் கிடைக்கும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நேர வித்தியாசம் நாலரை மணி நேரம். ஊரில் இரவு 8 மணி என்றால் உங்களுக்கு மதியம் 3.30. மலைக் கிராமங்களில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதால், வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். போன் வராத நாளில் அம்மா பயப்படாமல் இருக்க அது உதவும்.

இன்னும் கிளம்பாதவர்களுக்கு...

பழங்குடி மாணவர்களுக்கு மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 20 பேருக்குத்தான். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைக்கு ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். இரண்டிலும் வருமான வரம்பு உண்டு. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கைக்கு வர நாளாகும். நிலத்தை அடமானம் வைக்க அப்பா கிளம்புவதற்கு முன், இந்த இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.