பறவைக்கூட்டு ஹண்ட்டின் வெள்ளை

கம்பம் பன்னீர் திராட்சை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருந்தோலின் மேல் நீலச்சாம்பலாக ஒரு பூச்சு தெரியும். எல்லாமே மருந்து என்று பயப்பட வேண்டாம். பழம் தானே சுரக்கும் மெழுகும் அப்படித்தான் இருக்கும். (கழுவித் தின்பது வேறு விஷயம்.) விரல் பட்ட இடத்தில் மெழுகு போய்த் தோல் பளபளக்கும். அந்த மெழுகின் மங்கலைக்கூடத் தாளில் கொண்டுவந்தவர் நீர்வண்ண ஓவியர் வில்லியம் ஹென்றி ஹண்ட் (1790-1864).

லண்டன் தகர வேலைக்காரர் ஒருவரின் மகன். கால்களில் வலு இல்லை. மலையும் கடலும் தேடி அலைய முடியாது. மேசைமேல் இருந்ததை வரைந்தார்: பிளம்ஸ், திராட்சை, நீல முட்டைகளோடு ஒரு குருவிக்கூடு. கூடுகளாகவே வரைந்ததில் 'பறவைக்கூட்டு ஹண்ட்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது வெறும் தாள்தான். நிறப்பொடியும் வேலம் பிசினும் கலந்த மெல்லிய படலத்துக்குள் ஒளி புகுந்து, தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. கூட்டின் நூறு துரும்புக்கும் நூறு இடத்தில் தாளை விட்டுவைத்து வரைவது யாரால் ஆகும்? மேலே வெள்ளை பூசலாம். ஆனால் பழைய ஈய வெள்ளை, நிலக்கரிப் புகையிலும் விளக்கு வாயுவிலும் இருந்த ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கறுத்துவிடும். ஈய சல்பைடு கறுப்பு. துத்தநாக வெள்ளையில் உண்டாகும் துத்தநாக சல்பைடோ வெள்ளைதான். 1834-இல் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் துத்தநாக ஆக்சைடை 'சைனீஸ் ஒயிட்' என்று விற்கத் தொடங்கியது. சீனா பெயரில் மட்டும்தான்.

ஹண்ட் இதைப் பிசினோடு கெட்டியாகப் பூசி இறுகவிட்டு, அதன்மேல் சுத்தமான வண்ணங்களைத் தொட்டுத்தொட்டு வைத்தார். பிசினில் குழைத்தும் அது வெள்ளையாகவே இருப்பது எப்படி? பஜ்ஜி எண்ணெய் பட்ட தாள் ஏன் கண்ணாடி போலாகிறது என்று பாருங்கள். ஒளியை வளைப்பதில் நாருக்கும் காற்றுக்கும் இருக்கும் வித்தியாசம்தான் தாளின் வெண்மை. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும் அந்த வித்தியாசம் குறைந்துவிடுகிறது. துத்தநாக ஆக்சைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2, பிசினுடையது சுமார் 1.5. இந்த வித்தியாசம் மிஞ்சுவதால், பிசினுக்குள் கிடந்தாலும் அது ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும்.

அவர் படத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் பழமும் இல்லை, துரும்பும் இல்லை; பக்கத்துப்பக்கமாகப் புள்ளிகளும் கீற்றுகளும்தான். தள்ளி நின்றால் அவை கண்ணுக்குள் கலக்கின்றன.

வெள்ளை பூசுவது நீர்வண்ணத்தில் கள்ளாட்டம் என்று சொல்லும் தூய்மைவாதிகள் இன்றும் உண்டு. அந்தக் கூட்டில் ஒவ்வொரு துரும்புக்கும் தனி வெளிச்சம் இருப்பதைப் பார்த்தபின் எனக்கு அவர்கள் பக்கம் சேர மனமில்லை.