ஒரே விதை, இரண்டு கொல்லை

ராயக்கோட்டைக்கு அருகே என் தம்பி இன்னமும் விவசாயம் பார்க்கிறான். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் கொல்லை என்போம். மழை பொய்த்த ஓர் ஆண்டில், ஒரே மூட்டை ராகி விதையை ஒரே நாளில் இரண்டு கொல்லைகளில் விதைத்திருந்தான். மேட்டுக் கொல்லைப் பயிர் பத்தே நாளில் கருகிப் போயிற்று. ஏரி வண்டல் அடித்திருந்த பள்ளக் கொல்லைப் பயிரோ வாடி வதங்கிக் கிடந்து, பிறகு பெய்த ஒரு மழையில் எழுந்து கதிரும் வைத்தது. "விதை ஒண்ணு, மழை ஒண்ணு. இது மட்டும் எப்படிண்ணா பிழைச்சுது?" என்று கேட்டான். தண்டவாளத்தோடும் பாலத்தோடும் காலம் தள்ளிய டிப்ளமோக்காரனான எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் தேடும் இடம் நம் பெங்களூரிலேயே இருக்கிறது. பல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. என்று நாம் சொல்லும் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தைத்தான் சொல்கிறேன். அங்கே முதுகலை படித்த, நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள் எனக்குப் பொறுமையாக விளக்கினார். புரிந்த வரையில் எழுதுகிறேன்.

ஒரு செடியின் வேர், இலை, கதிர் எங்கும் இருப்பவை அதே மரபணுக்கள்தாம். ஆனால் எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. எங்கள் செக்‌ஷன் மஸ்டர் ரோலில் ஏராளமான பெயர்கள் இருக்கும். இன்றிரவு பாதையில் யார் நிற்கிறார்கள் என்பது வேறு கணக்கு. வெள்ளத்தில் பாதை அரித்துவிட்டால் அன்றைக்கு வேறு ஆட்கள் வருவார்கள். செடிக்கும் அப்படியே. நீர் வற்றும்போது சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில ஓய்கின்றன. வேலையில் இருக்கும் மரபணு தன் செய்தியை ஆர்.என்.ஏ. என்ற நகலாக வெளியே அனுப்பும். ஆகவே, நீருண்ட செடியின் நகல்களையும் காய்ந்த செடியின் நகல்களையும் ஒப்பிட்டு, எது கூடியது, எது குறைந்தது என்று பார்த்தால் போதும்.

போதும் என்று சொல்லிவிட்டேனே தவிர, அங்கேதான் கஷ்டம். இந்த நகல் அற்பாயுசு. இலையைக் கிள்ளிய கணமே மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட வேண்டும். நம் விரலில் உள்ள நொதியே அதைத் தின்றுவிடும் என்பதால் கையுறை கட்டாயம். பிறகு அதை நிலையான டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதுகிறார்கள். அதற்கு உதவும் நொதியை 1970-இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

ஒப்பிடும் வழிகள் பல. 1977-இல் வந்த 'நார்தர்ன்' முறையில் ஒரு சமயத்தில் ஒரு மரபணுவைத்தான் விசாரிக்கலாம். அந்தப் பெயரே ஒரு வேடிக்கை. 1975-இல் டி.என்.ஏ.வுக்கு இத்தகைய முறையைக் கண்டவரின் பெயர் சதர்ன். ஆர்.என்.ஏ.வுக்கு வந்ததை விளையாட்டாக நார்தர்ன் என்றார்கள். சதர்ன் ரயில்வேயில் சேர்ந்தவனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா! 1992-இல் லியாங், பார்டீ இருவரும் இரு செடிகளின் நகல்களையும் ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, ஒன்றில் மட்டும் தெரியும் பட்டையை வெட்டி எடுத்தார்கள். சுலபம்தான், ஆனால் பொய்ப் பட்டைகளும் நிறைய வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது கழித்தல் முறை. காய்ந்த செடியின் நகல்களோடு நீருண்ட செடியின் நகல்களை அளவுக்கு அதிகமாகக் கலந்து, சூடேற்றி ஆற விடுவார்கள். சூட்டில் பிரிந்த இழைகள் ஆறும்போது தத்தம் ஜோடியைத் தேடிப் பிடிக்கும். இரு செடிகளுக்கும் பொதுவானவை ஜோடி சேர்ந்து கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஜோடி கிடைக்காமல் மிஞ்சுபவை காய்ந்த செடிக்கே உரியவை. அவற்றைப் பெருக்கிப் படிக்கலாம்.

ஜி.கே.வி.கே.யில் பேராசிரியர் எம். உதயகுமாரின் குழுவினர் நிலக்கடலையில் இப்படித் தேடி, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் செடியைச் சட்டென்று காய வைக்கவில்லை. மெல்ல மெல்ல வறட்சிக்குப் பழக்கினார்கள். இத்தகைய சோதனைகளில் தொட்டியைத் தினமும் எடை போட்டு, இழந்த நீரை அளந்து ஊற்றுவார்கள். செடியைப் பிடுங்கித் தாளில் பரப்பிக் காய வைத்தால் கிடைப்பது அதிர்ச்சிப் பட்டியல். கொல்லையில் நடப்பதோ வாரக்கணக்கில் நடக்கும் வறட்சி. அதற்கு விழிக்கும் மரபணுக்கள் வேறு. கண்டவை நிஜமாகவே செடியைக் காக்கின்றனவா என்று பார்க்க, ஒரு வைரஸை அனுப்பி அந்த மரபணுவின் வாயை அடைத்துப் பார்க்கும் வழியையும் அங்கே கையாண்டிருக்கிறார்கள்.

இப்போது ஜெல்லும் கழித்தலும் பின்தங்கிவிட்டன. 2008 வாக்கில் வந்த முறையில், எல்லா நகல்களையும் துண்டாக்கி லட்சக்கணக்கில் படித்து, எந்த மரபணுவின் துண்டு எத்தனை என்று கணினி எண்ணிவிடுகிறது. ஷைலஜா ஹித்தல்மணி தலைமையிலான குழு 2017-இல் எம்.எல்.365 என்ற ராகி ரகத்தின் மரபணுத் தொகுதியையே படித்து, 85,243 மரபணுக்கள் என்று கணக்குக் கொடுத்தது. மனிதனுக்கு ஏறக்குறைய இருபதாயிரம்தான்! ராகி ஒவ்வொரு குரோமோசோம் கூட்டத்தையும் நான்கு மடங்காக வைத்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். நீர் விட்ட செடியையும் நீர் குறைத்த செடியையும் ஒப்பிட்டு, வறட்சியில் விழிக்கும் பல மரபணுக்களையும் அக்குழு அடையாளம் காட்டியது.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். பள்ளக் கொல்லை மெதுவாகக் காய்ந்தது, பயிருக்குத் தயாராக அவகாசம் கிடைத்திருக்கலாம். மேட்டில் அது கிடைக்கவில்லை என்றேன். ஆனால் வண்டல் மண்ணில் ஈரமும் கூடுதல். பிழைக்க வைத்தது ஈரமா, பழக்கமா என்று அவன் கொல்லையை வைத்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் தொட்டியும் தராசும் என்றேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "பட்டியல் இருக்கட்டும்ணா, விதை எங்கே?" என்றான். எம்.எல்.365 பட்டியலைப் பார்த்துச் செய்த விதை அல்ல, பழைய முறையில் கலப்புச் செய்து தேர்ந்தெடுத்த ரகம். அதன் மரபணுக்களைப் பிற்பாடுதான் படித்தார்கள் என்ற உண்மையைச் சொன்னேன். அடுத்த ஆடிக்குள் அதில் ஒரு மூட்டை வாங்கி வரச் சொல்லியிருக்கிறான். இரண்டு கொல்லையிலும் விதைப்பானாம்.