மழைக்காலத்துக்கு 2வது காரா சின்ன 'ஃபோர் பை ஃபோர்' வாங்கலாமா? டெல்டாவில் யாருக்குத் தேவை, யாருக்கு வீண் செலவு?

ஐப்பசி பிறந்துட்டா போதும், திருவாரூர் மாவட்டத்து கிராமங்களில் கார் வைத்திருக்கும் பலருக்கும் ஒரே கவலைதான். மெயின் ரோடு வரை பிரச்னை இல்லை. அங்கிருந்து வீடு வரைக்கும் இருக்கும் கடைசி ஒரு கிலோமீட்டர்தான் சிக்கல். வாய்க்கால் கரையை ஒட்டிய மண் பாதை இரண்டு நாள் மழையிலேயே களியாகிவிடும். காரை ரோட்டோரம் தெரிந்தவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது இங்கே புதுசில்லை.

நடக்க முடிந்தவர்களுக்கு அது சரி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டிய அப்பாவோ, கார்த்திகையில் பிரசவ தேதி குறித்திருக்கும் மகளோ வீட்டில் இருந்தால் என்ன செய்வது? அப்போதுதான் "பேசாம ஒரு சின்ன ஜீப் மாதிரி வாங்கிப் போட்டா என்ன?" என்ற பேச்சு வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை வடகிழக்குப் பருவமழைதான் கொடுக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் முதல் வரிசையில் இருக்கும் மாவட்டங்களில் திருவாரூரும் ஒன்று. அதனால் கேள்வி நியாயமானதுதான்.

அவங்களுக்குப் பனி, நமக்குச் சேறு

சின்ன ஃபோர் வீல் டிரைவ் கார் என்ற யோசனை பெரும்பாலும் குளிர் நாடுகளில் வளர்ந்தது. ஜப்பானில் சுஸுகி ஜிம்னி 1970-ல் வந்தது. இத்தாலியின் ஃபியட் பாண்டா 1983-ல் ஃபோர் வீல் டிரைவ் வடிவம் எடுத்தது. ஆல்ப்ஸ் மலை கிராமங்களில் அதை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் அந்த நாடுகளின் அனுபவம் இன்னொன்றையும் சொல்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் போடுவது சட்டப்படி கட்டாயம். ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம் இல்லை! வண்டி வழுக்காமல் நிற்பது எஞ்சினைவிட டயரைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது என்பது அங்கே அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம். சேற்றுக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஃபோர் வீல் டிரைவ் என்ன செய்யும், என்ன செய்யாது?

சாதாரண காரில் எஞ்சின் சக்தி இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே போகும். நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல், எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதையே சுற்றவிடும். அதனால்தான் ஒரு சக்கரம் களியில் இறங்கினால், அது மட்டும் வெறுமனே சுற்றிச் சேற்றை வாரி அடிக்க, கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நீங்கள் ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த இன்னும் ஆழமாக இறங்கும்.

ஃபோர் வீல் டிரைவில் முன், பின் இரண்டு அச்சுகளுக்கும் சக்தி போகிறது. முன்பக்கம் வழுக்கினாலும் பின்பக்கம் தள்ளும். '4எல்' எனும் லோ ரேஞ்ச் கியர் இருந்தால் வண்டி ஆமை வேகத்தில், ஆனால் அதிக இழுவிசையோடு நகரும். சேற்றிலிருந்து பதறாமல் வெளியே வர இதுதான் உதவும்.

இப்போ பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருவோம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பிரேக் என்பது எல்லா காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. சம்பா, தாளடி நடவு நேரத்தில் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் வயலிலிருந்து ஏறி தார் ரோட்டைக் கடந்து போயிருக்கும். அது உதிர்த்த களிமண் மேல் லேசாகத் தூறல் விழுந்தால், சோப்பு தடவிய தரைதான். அங்கே 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் மாருதி 800-ம் வழுக்கும், மஹிந்திரா தாரும் வழுக்கும். 'நம்மகிட்ட ஃபோர் பை ஃபோர் இருக்கு' என்ற தைரியத்தில் வேகமாகப் போகிறவருக்குத்தான் ஆபத்து கூடுதல்.

இன்னொன்று: ஜிம்னி, தார், ஜிப்ஸி மூன்றிலும் இருப்பது 'பார்ட் டைம்' ஃபோர் வீல் டிரைவ். தேவைப்படும்போது மட்டும் போட வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் 4ஹெச் போட்டுக்கொண்டு வளைவுகளில் திருப்பினால் முன், பின் அச்சுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஸ்டீயரிங் இறுகும், பாகங்கள் தேயும். ரோடு ஏறியதும் 2ஹெச்சுக்கு மாற்றிவிடுங்கள்.

எந்த வண்டி, யாருக்கு?

மாருதி ஜிம்னி 5 கதவு மாடல் இந்தியாவில் 2023 ஜூனில் விற்பனைக்கு வந்தது. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 210 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ், எடை சுமார் 1,200 கிலோ. டெல்டாவுக்கு இந்த எடைதான் இதன் பெரிய பலம் என்பேன். இளகிய மண்ணில் கனமான வண்டி சீக்கிரம் இறங்கும், ஊறிப்போன வாய்க்கால் கரை ஓரமும் கனத்துக்குச் சரியும். ஆனால் நான்கு பேர்தான் உட்கார முடியும். டிக்கியில் இரண்டு பை வைத்தால் நிறைந்துவிடும்.

2020 அக்டோபரில் வந்த புதிய தலைமுறை மஹிந்திரா தார், எஞ்சின் பலத்திலும் உயரத்திலும் ஜிம்னிக்கு ஒரு படி மேல். டீசலும் உண்டு. எடையும் அதிகம். 3 கதவு மாடலில் பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவை மழையில் நனைந்தபடி அதில் ஏற்றிப் பாருங்கள், விஷயம் புரியும். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வண்டி என்றால் கதவு எண்ணிக்கையை முதலில் பாருங்கள், குதிரைத்திறனை அப்புறம் பார்க்கலாம்.

தாரில் கவனிக்க வேண்டிய பொறியும் ஒன்று இருக்கிறது. 2023 முதல் பின் சக்கர டிரைவ் தாரும் விற்பனையில் உள்ளது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய வண்டி வாங்கும்போது 'தார்னாலே ஃபோர் பை ஃபோர்தான்' என்று நம்பி ஏமாறக் கூடாது.

இதில் வரி விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22-ல் வந்த ஜிஎஸ்டி மாற்றத்தின்படி, 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலில் 1,200 சிசி, டீசலில் 1,500 சிசிக்குள் எஞ்சினும் இருந்தால்தான் 'சின்ன கார்', 18 சதவீதம். மற்றவற்றுக்கு 40 சதவீதம். ஜிம்னி நீளத்தில் சின்ன கார்தான், ஆனால் எஞ்சின் 1,462 சிசி. அதனால் 40 சதவீதத்தில் விழுகிறது. 1.5 லிட்டர் டீசல் பின் சக்கர டிரைவ் தாருக்கோ 18 சதவீதம். ஒரே தோற்றத்தில் இரண்டு தாருக்கும் விலை இவ்வளவு வித்தியாசப்பட இதுவும் ஒரு காரணம்.

ஜிப்ஸி? 1985-ல் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி. எடை குறைவு, கிராமத்து மெக்கானிக்கே பிரித்துப் போடுவார். ஆனால் ஏர்பேக் இல்லை, மைலேஜ் குறைவு, பயணம் முதுகைப் பதம் பார்க்கும். ஆசைக்கு வாங்கலாம். நோயாளிக்கு வேண்டாம்.

தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் இறக்கலாமா?

கூடாது. தாரின் நீரில் இறங்கும் திறன் 650 மில்லிமீட்டர் என்று நிறுவனம் சொல்வது, ஆழமும் தரையும் தெரிந்து மெதுவாகக் கடப்பதற்கு. ஓடும் வெள்ளம் வேறு. ஓர் அடி ஆழ வெள்ளம் சின்ன காரை நகர்த்திவிடும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை அடித்துப்போகும் என்று அமெரிக்க வானிலை சேவை எச்சரிக்கிறது. வெண்ணாற்றிலோ பாமணி ஆற்றிலோ தண்ணீர் கரை தொட்டுப் போகும்போது எந்த வண்டியும் ஒன்றுதான்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போய் பூட்டிக்கொண்டால், அந்தச் செலவைச் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பெரும்பாலும் ஏற்காது. 'எஞ்சின் ப்ரொடெக்ட்' ஆட்-ஆன் வேண்டும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த பிறகு மன்னார்குடி, முத்துப்பேட்டை பக்கம் பாதையை அடைத்தது சேறு அல்ல, சாய்ந்த தென்னைகளும் மின்கம்பங்களும்தான். அன்றைக்கு அரிவாளும் ரம்பமும்தான் வழி திறந்தன.

பழைய வண்டி வாங்கினா எதைப் பார்க்கணும்?

மண் தரையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 4ஹெச், 4எல் இரண்டையும் போட்டு, டேஷ்போர்டில் விளக்கு எரிகிறதா, முன் சக்கரங்கள் உண்மையிலேயே இழுக்கிறதா, கடகட சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பல வருஷம் தொடாமலே கிடந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முதல் மழையில் கைவிடும்.

அப்புறம், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று பார்க்க வேண்டும். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்தால் உள்ளே சேற்றுக் கறை இருக்கிறதா தெரிந்துவிடும். ஸ்டெப்னி வைக்கும் குழி, கார்பெட்டின் அடிப்பக்கம், ஃப்யூஸ் பாக்ஸ் எல்லாவற்றையும் பாருங்கள். வெளிமாநில வண்டி என்றால் என்ஓசியும், இங்கே கட்ட வேண்டிய சாலை வரியும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். 15 வருஷம் முடிந்த வண்டிக்கு ஆர்சி புதுப்பித்திருக்க வேண்டும்.

பணக் கணக்கு என்ன சொல்லுது?

10 லட்சம் ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 20,760 ரூபாய். வருஷத்துக்கு ஏறத்தாழ 2.5 லட்சம். உங்கள் பாதை சேறாகக் கிடப்பது வருஷத்தில் 30 நாள் என்றால், ஒரு சேற்று நாளுக்கு 8,300 ரூபாய் ஆகிறது. இன்சூரன்ஸ், பெட்ரோல் தனி. விற்கும்போது ஒரு பகுதி திரும்பும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் காசில் கடைசி அரை கிலோமீட்டருக்கு நான்கு வீட்டார் சேர்ந்து கப்பி கொட்டிவிடலாமா என்று யோசிப்பது தப்பில்லை.

இருக்கும் காருக்கு நல்ல டயர் போடுவது இன்னும் மலிவு. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை சட்டம் அனுமதிக்கும். மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. ஃபோர் பை ஃபோர் வாங்கினாலும் இதே கதைதான். தார் ரோட்டுக்கான ஹெச்டி டயரில் களி அப்பிக்கொண்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து சும்மா சுற்றும். ஏடி டயர் ஓரளவு தாங்கும்.

கடைசி ஒரு கிலோமீட்டர் தவிர்க்க முடியாதது, வீட்டில் நோயாளி இருக்கிறார், வருஷம் முழுக்க வேறு வேலைக்கும் வண்டி ஓடும் என்றால் சின்ன ஃபோர் பை ஃபோர் நியாயமான செலவு. மூன்றில் ஒன்றுதான் பொருந்துகிறது என்றால் டயரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த வண்டியாக இருந்தாலும், அதை இழுக்கும் கொக்கி எங்கே இருக்கிறது, எப்படி மாட்டுவது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். பல கார்களில் அது ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கழற்றி வைத்த திருகு கொக்கியாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு, மழையில், பக்கத்து வீட்டு டிராக்டர்காரர் கயிற்றோடு வந்து நிற்கும்போது டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.