சிறு தொகையும் பெருஞ்சந்தையும்

விருப்பத்துடன் வாங்கும் சக்தியும் சேர்ந்தால்தான் அது சந்தையில் தேவையாக உருவெடுக்கும். இந்தியாவின் செல்பேசித் துறை இதற்குத் தக்க சான்றாகும். 1995-இல் சேவை தொடங்கியபோது, வரும் அழைப்புக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே அது வசதி படைத்தோரின் சாதனமாகவே விளங்கியது. 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிலையான உரிமக் கட்டணத்திற்குப் பதிலாக வருவாய்ப் பகிர்வைப் புகுத்தியது. சேவைக் கட்டணங்கள் குறைய வழி பிறந்தது. 2003-இல் வரும் அழைப்புகள் இலவசமாயின. பின்னர் பத்து ரூபாய்க்கும் கிடைத்த ரீசார்ஜ், நாட்கூலி பெறுவோரையும் வாடிக்கையாளராக்கியது.

2018-இன் இறுதியிலோ, இணைப்பைத் தக்கவைக்கவே 28 நாட்களுக்கு 35 ரூபாய் செலுத்த வேண்டுமெனச் சில நிறுவனங்கள் விதித்தன. கோடிக்கணக்கான இணைப்புகள் விடுபட்டன. ஏழையின் அன்றாட வருவாயை அளவுகோலாகக் கொள்ளும் விற்பனை முறையே தொழில்நுட்பத்தை அனைவருக்கும் உரியதாக்கும்.