உரசியது பழைய காரா? பம்பரை பார்த்தாலே வயசு தெரியும்!

சேலம் செவ்வாய்பேட்டை மாதிரி நெரிசலான இடத்தில் ரெண்டு கார் லேசா உரசினால் போதும், கூட்டம் கூடிவிடும். அதில் ஒன்று பழைய வண்டி என்றால், "எந்த வருஷத்து மாடலுண்ணே?" என்று பட்டிமன்றமே நடக்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பளபளக்கும் இரும்பு பம்பர், உருண்டையான முன்பக்கம் என்றால் பெரும்பாலும் அம்பாசிடர். 1958-ல் தொடங்கி 2014 வரை வந்த வண்டி. உருவம் பெரிதாக மாறவே இல்லை. முன் கிரில்லை வைத்துத்தான் பழைய மார்க்கா, புதுசா என்று பிரிக்கணும்.

மாருதி 800 என்றால் 1983 டிசம்பரில் வந்த முதல் மாடல் டப்பா மாதிரி சதுரமா இருக்கும். 1986-ல் உருவம் மாறியது. நம்பர் பிளேட்டும் காட்டிக்கொடுக்கும். டி.என். 27, டி.என். 28 என்று வருவதெல்லாம் 1989-க்கு பிறகு. அதற்கு முன் மூணு எழுத்து, அப்புறம் எண், அவ்வளவுதான்.

காசு யார் தருவது?

இரும்பு பம்பருக்கு ஒன்றும் ஆகாது. நொறுங்குவது புது காரின் பிளாஸ்டிக் பம்பர்தான். சொந்த பாலிசியில் கேட்டால், டிப்ரிசியேஷன் இல்லாத பாலிசி எடுக்காதவர்களுக்கு பிளாஸ்டிக் பாகத்தில் பாதி பணத்தை கழித்துவிடுவார்கள். தப்பு பழைய கார் மீது என்றால், அதன் தேர்டு பார்ட்டி இன்சூரன்சில் இழப்பீடு கேட்கலாம். அது இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை அபராதம் 2 ஆயிரம் ரூபாய்.

சொந்த கார் 15 வருஷம் தாண்டினால் ஆர்.சி.யை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். புதுப்பித்திருக்கா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கா என்பதை எம்-பரிவாகன் செயலியில் நம்பரை போட்டு பார்க்கலாம். ரொம்ப பழைய வண்டி விவரம் சிலசமயம் அதில் ஏறியிருக்காது. அப்போது ஆர்.சி. புத்தகத்தைத்தான் கேட்டு வாங்கி பார்க்கணும்.