மண்ணெண்ணெய் விலையும் நமது இறைப்பும்

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு போகத்துக்கு 30 இறைப்பு, ஒரு இறைப்புக்கு 2 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 5,220 ரூபாவில் முடிந்த செலவு 20,400 ரூபாவாகியது.

சூரிய ஒளியில் இயங்கும் பம்பிக்கு எண்ணெய் வேண்டியதில்லை. ஆனால், பல வருட இறைப்புச் செலவை இன்றைக்கே ஒரு விலையில் கட்டிவிடுகிறோம். பிறகு எண்ணெய் விலை இறங்கினாலும் கடன் தவணை இறங்காது. 2023 இல் மண்ணெண்ணெய் விலை குறையவும் செய்தது. எனவே, உச்ச விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கடந்த மூன்று வருடங்களில் வாங்கிய எண்ணெயைக் கணக்கெழுதுங்கள். வருடச் சராசரியை, வட்டியும் சேர்த்த வருடத் தவணையோடு ஒப்பிடுங்கள்.

இடம்பெயர்ந்தோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இந்தக் காணியில் இன்னும் எத்தனை போகம் இருப்போம்? குத்தகைக் காணியிலும் உறவினர் வளவிலும் இருப்பவர்கள், கழற்றிக் கொண்டுபோகக்கூடிய பம்பியையும் தகடுகளையுமே வாங்க வேண்டும். காணிக்காரருடன் அதனை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊருக்குத் திரும்பும் நாளில் கடன் மட்டும் கூட வரக்கூடாது; பம்பியும் வரவேண்டும்.

பழைய இயந்திரத்தை உடனே விற்றுவிடாதீர்கள். மப்பும் மந்தாரமுமான நாட்களில் அதுவே கைகொடுக்கும்.